ஐஸ் தள்ளும் போட்டி

பாசையூர் ஐஸ் கொம்பனியின்
ஈரச் சீமெந்து நிலத்தில்
நீலச் சோக்கால் வட்டம்.
நடுவில் ஒரு சூடைத் தலை.
அதைத் தொட்டால் மூன்று புள்ளி.

முதல் வருசம் ஆர் வென்றதென்று
இன்னும் சண்டை.
மடுத்தீன் என்கிறது நாவாந்துறை.
குருநகர் ஒத்துக்கொள்ளாது.
அளவுநாடா எடுக்கப் போனவன்
வழியில் தேத்தண்ணி குடித்தான்.
வந்து பார்த்தால்
மூன்று கட்டியும் ஒரே தண்ணி.

தொண்ணூறில் டீசல் இல்லை, ஐஸ் இல்லை.
தொண்ணூற்றொன்றிலும்.
செயலாளர் அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை.
திகதி போட்டு
"காலநிலை சரியில்லை" என்றெழுதி
ஒப்பமும் வைத்திருக்கிறார்.

இன்றைக்கு இறுதி ஆட்டம்.
எமிலியானுஸ் குந்தியிருந்து
சாக்கை உரித்துக் கட்டியை விடுகிறான்.
முன்னால் இரண்டு பேர் தும்புத்தடியோடு
தண்ணியைத் தள்ளித் தள்ளி ஓட
"விடு, விடு, காணும்!"

அது வளைகிறது,
வடிகானை மோப்பம் பிடித்த நாய்போல.
வட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது.
அளவுநாடா இம்முறை
நடுவரின் கழுத்தில்.

வென்ற கட்டியை அங்கேயே உடைத்துத்
தோற்றவரின் மீன்பெட்டிக்குள் போடவேணும்.
அது விதி.
கிண்ணம் வாங்கக் காசு சேர்ந்த வருசமும்
அதை மாற்ற
ஒருத்தரும் கை தூக்கவில்லை.