ஏவல் வினை

நவம்பர் முழுக்க இந்தச் சனிக்கிழமைக்காகத்தான்
காத்திருந்தாள் ஹெட்டி.
கிரிம்ஸ்பிக்குத் தெற்கே, கடல்நாய்கள் குட்டி போடும் கரை.
போகலாம் என்று கேட்டது அவள்.
நாட்காட்டியில் வட்டம் போட்டதும் அவள்.

ஒன்பதுக்குக் கிளம்புவதாக இருந்தது.
இப்போது பன்னிரண்டு நாற்பது.
மாடியின் மூன்றாம் படியில்
ஒற்றைக் காலுறையோடு குப்புறக் கிடக்கிறாள்.
பக்கத்தில் பூட்ஸ்
நாக்கை நீட்டிக்கொண்டு.

கிளம்பு என்று நான் சொல்லவில்லை.
அந்த மாதிரிச் சொற்களை
வீட்டைவிட்டுத் துரத்தி நான்கு வருடமாகிறது.
வா. உட்கார். சாப்பிடு. பல் துலக்கு.
எந்த வினைச்சொல்லின் வேரைத் தோண்டினாலும்
அடியில் ஒரு கட்டளை கிடக்கிறது.
முன்பு எனக்கு அது தெரியாது.

இப்போதெல்லாம் கெட்டிலிடம் பேசுகிறேன்.
'வெளியே குளிர் போலிருக்கே' என்று ஜன்னலிடம்.
'யாரோ டோஸ்ட்டை இங்கே வைத்திருக்கிறார்கள்'
என்று பொதுவாக, காற்றிடம்.

பக்கத்து வீட்டு டோரீன் சொல்கிறாள்:
ஒரு அதட்டு அதட்டினால் போதும்.
பள்ளிக் கடிதத்தில்
'மறுக்கிறாள்' என்பதற்குக் கீழே கோடு.

படியிலிருந்து குரல் மட்டும் வருகிறது.
'போகணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.
அதனாலதான் முடியல.'

கோபம் வந்தது எனக்கு. மறைப்பானேன்.
மீன் ஏலத்துக்காக வாரம் முழுக்க
மூன்று மணிக்கு எழுந்த உடம்பு.
வெளியே போய்க் காரில் உட்கார்ந்தேன்.
அதை ஒரு உத்தி என்று
பிறகு டாக்டரிடம் சொன்னாலும் சொல்வேன்.
அழத்தான் போனேன்.

எவ்வளவு நேரமோ.
பின்கதவு திறந்தது.
போர்வை, போர்வைக்குள் அவள்,
ஒரு காலில் பூட்ஸ்
மறு காலில் என் செருப்பு.
கண்ணாடியில் அவளைப் பார்க்காமல்
வண்டியை எடுத்தேன்.

சேர்ந்தபோது இருட்டிவிட்டது.
எல்லோரும் போய்விட்ட கார் நிறுத்தம்.
'இறங்காதே' என்றாள். இறங்கவில்லை.
'லைட்டை அணை.' அணைத்தேன்.
துரத்திய சொற்கள் எங்கே போயின என்று நினைத்ததுண்டு.
எல்லாம் இவளிடம்தான்
பத்திரமாக இருக்கின்றன.
'கண்ணாடியை இறக்கு. கொஞ்சம். போதும்.'

இரண்டு விரல் இடைவெளியில் உப்புக் காற்று.
பிறகு, மணலில் எங்கேயோ,
ஒரு குட்டியின் அழுகை.

மூச்சை நிறுத்திக் கேட்டாள்.
'அம்மாவை வான்னு சொல்லுது' என்றாள்.
கொஞ்சம் கழித்து,
'வா வான்னு சொன்னா
அவளால வர முடியுமா?'

'தெரியலையே' என்றேன்
ஸ்டியரிங்கிடம்.