ஒரு பக்கம்

விழித்ததும் வலித்தது தோள்.
வயிற்றில் மூன்று துளை போட்டுவிட்டுத்
தோளையா வலிக்க வைப்பீர்கள் என்றேன்.
"உள்ளே ஊதிய காற்று. தானாய்ப் போகும்" என்றாள் நர்ஸ்,
பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த பேரிக்காயைக் கடித்தபடி.

பதினொரு வயதில் குடல்வால் வெடித்தபோது
மண் சரிந்து மலைப்பாதை அடைத்துக் கிடந்தது.
மூன்றாம் நாள்தான் பத்தூமி வந்து சேர்ந்தேன்.
பிழைத்ததே பெரிதென்று
மெழுகுவத்தி ஏற்றினார்கள்.
உள்ளே சீழ் காய்ந்து
பசையாய் ஒட்டிக்கொண்டதை
யாரும் எட்டிப் பார்க்கவில்லை,
இருபத்திரண்டு வருஷம்.

மறுவாரம் சிசானா டாக்டர்
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
என் உள்ளே வெளிச்சம், ஈரமாய், இளஞ்சிவப்பாய்.
நீளக் கம்பிகள் இரண்டு
ஒட்டடை போன்ற சவ்வை நறுக்கி நறுக்கி
ஒதுக்கிக்கொண்டே போயின. அவசரமே இல்லை.
அந்தக் கை எனக்குப் பிடித்துப்போயிற்று.
நானும் அப்படித்தான்:
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
இரண்டு கைப்பிடி, காலுக்குக் கீழே துறைமுகம்.
தொடாமலே தூக்குவேன்.
காற்றடித்தால் காத்திருப்பேன்.

வலக்குழாய் நீர்கோத்து உப்பிய பை. எடுத்துவிட்டாள்.
இடக்குழாயின் மூடிய நுனியைப் பிரித்து
வெளிப்பக்கமாய் மடித்துத் தைத்தாள்,
தலைமுடி போன்ற நூலில்.
பிறகு கீழிருந்து நீலச் சாயம் ஏற்றினார்கள்.
திரையில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
அன்சோர் என் மணிக்கட்டை நெரித்தான்,
முடிந்துபோனதைத்தான் பார்க்கிறோம் என்பதை மறந்து.
நுனி லேசாய் நடுங்கிற்று.
சட்டைப்பையில் கசியும் பேனாபோல
நீலம்.

"ஒரு பக்கம் திறந்திருக்கிறது."
வாக்கு எதுவும் தரவில்லை அவள்.
நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் சொன்னாள்;
அன்சோர் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டான்.
குழாயிலேயே தங்கிவிடவும் கூடும்,
நாள் தள்ளினால் அன்றைக்கே வா என்றாள்.

எனக்கு நினைவில் நிற்பதோ
ஆஸ்பத்திரிக் கழிப்பறை, விடிகாலை.
சிறுநீர் பச்சையும் நீலமுமாய்,
புயலுக்கு மறுநாள் கடல்மாதிரி.
பயந்தேன். பிறகு புரிந்தது.
தையல் தெறித்துவிடும்போல் சிரித்தேன்.
"லம்சீரா, என்ன ஆச்சு?" கதவைத் தட்டினாள் நர்ஸ்.
"வந்து பாரேன்" என்றேன்.

ஆறு வாரம் கிரேன் ஏறக் கூடாதாம்.
தரையில் நின்று
வேறொருவன் தூக்குவதைப் பார்க்கிறேன்.
கண்டெய்னர் ஒன்று அந்தரத்தில் மெல்லச் சுழல்கிறது.
உள்ளே என்னவென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.
எட்டு வருஷமாய்
அலுங்காமல் இறக்கி வைப்பேன்,
அவ்வளவுதான்.