விலகும் காரணம்

விலங்கியல் முதலாண்டு.
மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன்,
எழுந்து போக வசதியாக.

கால்நடை மருத்துவத்துக்குக்
காத்திருப்போர் பட்டியலில் அறுபத்தொன்று நான்.
முன்னால் இருக்கும் அறுபது பேருக்கும்
எம்பிபிஎஸ் கிடைக்கட்டும் என்று
காட்டு வீர ஆஞ்சநேயர் கோயிலில்
துணியில் தேங்காய் கட்டிவிட்டு வந்தேன்.
முகம் தெரியாதவர்களுக்காக
அவ்வளவு உருக்கமாய் அதற்கு முன் வேண்டியதில்லை.

வேண்டுதல் மெதுவாக வேலை செய்தது.
முப்பத்தொன்பது ஆனேன்.
பிறகு பதினெட்டு.
தீபாவளிக்கு ஐந்து.

இடையில்
மண்புழுவுக்கு நான்கு ஜோடி இதயம் என்று எழுதி
பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.
எனக்கு ஒன்றுதான்,
அதுவும் இரண்டு ஊரில்.

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே ஒக்காந்திருக்கடி"
என்றாள் ஃபர்ஹானா.
அவள் தவளைக்காகவே இந்தப் படிப்பை எடுத்தவள்.
நாங்கள் வந்த வருடம்
தவளையைக் கணினியில்தான் அறுத்தோம்.
அதற்கும் அழுதாள்.

கார்த்திகையில் கடிதம் வந்தது.
நேரில் கலந்தாய்வு. சென்னை. நாளை மறுநாள்.
அசல் மாற்றுச் சான்றிதழ் கட்டாயம்.
அழைப்பு, இடத்துக்கான உறுதி ஆகாது.

அலுவலக ஜன்னலில் இன்பநாதன் சார்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"டிசி வாங்கிட்டா இங்க சீட்டு இல்லம்மா.
அங்க கெடைக்கலன்னா அங்கயும் இல்ல.
யோசிச்சுக்க."
பேனாவை நீட்டினார்,
மூடியைத் திறக்காமல்.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.
போச்சம்பள்ளிச் சந்தையில்
குட்டியானையிலிருந்து ஆடு இறக்கிக்கொண்டிருந்தார்.
"முன்னால எத்தன பேரு?"
"நாலு."
"நாலு பேரு நின்னா கூட்டமா அது? வாங்கிடு."

பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.
பின்னால் ஆடுகள் கத்தின.
"அந்த நாலு பேரும்
நம்மள மாதிரியே நெனச்சிட்டா?"

பதில் சொல்லவில்லை.
படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்க அடையாளம்:
வலது முழங்கையில் தழும்பு.
கழிச்சல் கண்ட கன்று இழுத்தபோது
கயிறு அறுத்தது.
எங்கள் கலப்பினப் பசுவுக்கும்
இப்படி ஒரு தாள் உண்டு, காப்பீட்டுக்கு.
நிறம் கருப்பு வெள்ளை. நெற்றியில் சுட்டி.
காது வில்லை எண், பன்னிரண்டு இலக்கம்.
அதை எழுத வந்த டாக்டரம்மா
படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்:
"இது எந்தப் பக்கமா படுக்கும்?"
அப்பா அம்மாவைப் பார்த்தார்.
அம்மா தம்பியைப் பார்த்தாள்.
"இடது பக்கம்" என்றேன்.
"மூணு நாளா வலது."
டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு
பசுவின் அருகே குந்தி உட்கார்ந்தார்.

கடைசிக் கட்டம்:
விலகும் காரணம்.
"மேற்படிப்புன்னு போடும்மா,
எல்லாரும் அதான் போடுவாங்க."
மேலே எங்கே போகிறேன்?
மறுபடியும் முதலாண்டுக்குத்தான்,
அதுவும் கிடைத்தால்.
ஆனாலும் மேற்படிப்பு என்றே எழுதினேன்.
இடது பக்கம், வலது பக்கம் எல்லாம்
அந்தச் சின்னக் கட்டத்தில் அடங்காது.

முத்திரை இருந்த பீரோவின் சாவியைத் தேடி
ஒரு மணி நேரம் போனது.
அந்த ஒரு மணி நேரமும்
நான் எந்தக் கல்லூரியிலும் இல்லை.
வராந்தாவில் ஒரு நாய் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.
உண்ணியா சிரங்கா என்று
எட்டிப் பார்த்தேன்.

பர்கூர் தாண்டும்போது
ஃபர்ஹானா செய்தி அனுப்பினாள்:
"ஒன் ரெக்கார்டு நோட்டு எங்கிட்ட இருக்கு.
திரும்பி வந்தாலும் தர மாட்டேன்."

டிசியை மடிக்கக் கூடாதாம்.
அட்டைக்குள் தட்டையாக
மடியில் வைத்திருக்கிறேன்.
தழும்பு ஒன்று. நடத்தை நன்று.
பக்கத்து இருக்கைக்காரர்
தூக்கத்தில் என் தோளில் சாய்கிறார்,
வலது பக்கமாக.