நாற்பத்தோராம் நிமிடத்துக்குப் பிறகு

மஞ்சள் மழைக்கோட்டுப் பெண்
முதுகு காட்டி நிற்கும் அந்த அட்டை
உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும்.
நாற்பது வருசமாம்.
காலையிலிருந்து வானொலியில் அதே பேச்சு:
அந்த ஆல்பம் வந்திராவிட்டால்
இன்றைய பாட்டுகள் இப்படி இருந்திராதாம்.
இருக்கலாம்.
எனக்குக் கசெற்றைப் பற்றித்தான் தெரியும்.

மொன்றியல், பார்க்லே வீதி, நிலவறை.
ஆறு பேர், நாலு மெத்தை,
முறைவைத்துப் போட ஒரு சோடி பனிச்சப்பாத்து.
யோகச்சந்திரன் நூலகத்தில் இரவல் எடுத்த இசைத்தட்டை
விடிந்தால் திருப்பிக் கொடுக்கவேண்டும்.
வெறுங் கசெற் மூன்று டொலர்,
கோப்பை கழுவுகிறவனுக்கு முக்கால் மணி நேரம்.

அண்ணன் ஒரு கசெற்றில் கடிதம் பேசி அனுப்பியிருந்தான்.
ஒருமுறை கேட்டாயிற்று.
முக்கால்வாசியும் ஏச்சு:
சீட்டுக்காசு, வட்டி, நான் எழுதாத கடிதங்கள்.
அழியக்கூடாதென்று அவன் உடைத்து அனுப்பிய மூலையில்
பிளாஸ்ரர் ஒட்டி
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

ஆல்பம் நாற்பத்தொரு நிமிடம்.
கசெற்றின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து.

ஒன்பதாவது பாட்டு
தூரத்துக் கார்போலத் தேய்ந்து மறையும்.
உடனே, இடைவெளியே இல்லாமல், அண்ணன்:
"...செயின் கழண்டபடி. உருட்டிக்கொண்டுதான் போறன்..."
பிறகு மாமி வீட்டுக் கதை, உரத்தின் விலை.
பிறகு,
"சரி, கரண்ட் போகப் போகுது. குளிருக்குக் காதை மூடு.
காதை மூடு, விளங்குதோ?"
ஒரு நாய் குரைக்கும்.
பொத்தானை அவன் தேடும் சத்தம்.

அதன் பின் கசெற் வரவில்லை.
அவனைக் கண்டதாக எவரும் சொல்லவுமில்லை.

தொண்ணூற்றேழில் என் ஹுண்டாய் அந்த நாடாவைத் தின்றது,
லவால் போகும் பாலத்தில், மூன்றாம் பாட்டில்.
வீதியோரம் நிறுத்தி
பென்சிலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

ஆனால் பாட்டு எங்கும் போகவில்லை.
மருந்துக்கடையில், பல்வைத்தியரிடம்,
மெட்ரோப் படியில் கிட்டாருடன் எவனோ ஒருவன்.
ஒன்பதாவது முடிகிற இடத்தில்
சில்லறை எண்ணுவதுபோல் நின்றுவிடுவேன்.
பல்பொடி விளம்பரம் வரும். அல்லது அடுத்த ரயில்.
அவன் சொன்னதெல்லாம் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.
குரல்தான் இப்போது
அந்தப் பாடகியின் சுருதியில் வருகிறது.

நேற்று மிதுலா புதுப் பதிப்பு வாங்கிவந்தாள்.
அவள் பாண்டில் எல்லோருக்கும் இதுதான் பாடப்புத்தகமாம்.
"இந்த ட்ரம்ஸைக் கேளுங்கோ அப்பா!"
கேட்டேன்.
ஒன்பதாவது முடிந்து
ஊசியைத் தூக்கக் கை நீட்டினாள்.
பொறு, என்றேன்.
டக். டக். டக்.
"முடிஞ்சுது அப்பா."
தெரியும்.
ஒரு நாலு நிமிடம் பொறு.