எழுதியிருப்பதைப் படிக்கவும்

லேமினேட் மிஷின் சூடாக ஐந்து நிமிஷம் ஆகும் என்றார்
பீடோர் பெரிய ரோட்டில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஆ சியோங்.
எதிரே கொய்யாக் கடைகளில்
சுற்றுலா பஸ் ஒன்று இறங்கியிருந்தது,
ஆசாம் பொடி கூடுதலாய்க் கேட்டு ஒரே சத்தம்.
நான்காய் மடித்த தாளை மேசையில் விரித்தேன்.
"ஒன்னும் இல்லையே அக்கா."

இருந்தது.
தொடக்க விழாவன்று மாலை ஃபேக்ஸில் வந்த தாள்.
அணிவகுப்பில் நடந்துவரும் நாடுகள்,
எந்த நாட்டுக்குப் பின்னால் எது.
மிஷின் அச்சடித்ததெல்லாம்
வருஷா வருஷம் வெளுத்து, போய்விட்டது.
பென்சிலில் நான் வைத்தது அப்படியே நிற்கிறது:
தெரிந்த நாட்டுக்கு ஒரு டிக்,
தெரியாததற்குத் தமிழில் பெயர்,
சில எழுத்துக்கு அடியில் புள்ளி.

பம்பரத்தில் இரண்டு ப.
இரண்டும் வேறு என்று நம் நாக்குக்குத் தெரியும்,
யாரும் சொல்லித் தர வேண்டாம்.
பார்படோஸ் என்றால் நாக்கு முழிக்கும்.
அதற்குத்தான் புள்ளி.

நடுவில் ஒரு பெயரைச் சுற்றி வட்டம்.
ஒத்திகை நாளில் சாப்பாட்டு வரிசையில்
எனக்கு முன்னால் பளு தூக்கும் பையன் ஒருவன்,
தட்டில் ஐந்து முட்டை.
கழுத்து அட்டையில் கிரிபாட்டி என்று இருந்தது,
வாயில் கிரிபாஸ் என்று வந்தது.
எழுதுவது அப்படி, சொல்வது இப்படி என்றான்.
பிறகு ஒரு முட்டையை என் தட்டில் வைத்தான்.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.

அன்றிரவு கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே
ஏழெட்டுப் பேர், ஒரு கொடி, பன்னிரண்டு வினாடி.
கிரிபாஸ், என்றேன்.
பக்கத்துக் கூண்டுகளில் வேறு பெயர் கேட்டது.
மைக்கை மூடிவிட்டு
இன்னொரு முறை எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நேயர் கடிதம் நான்கு வந்தது. அதில் இரண்டு
தாப்பாவிலிருந்து, வாத்தியார் கையெழுத்து.
அதன் பிறகு மேலிடத்து மெமோ:
அறிவிப்பாளர் நசியார் கவனத்திற்கு.
எழுதியிருப்பதைப் படிக்கவும்.

எழுதியிருப்பது.
அப்பா சொன்னது நாச்சியார்.
தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்தது வேறு,
அதுவே பிறப்புப் பத்திரம், அதுவே ஐசி.
நசியார் என்றால் அழியாதவர், நல்ல பொருள்தானே என்று
இலக்கணம் படித்த ஒருவர் சமாதானம் சொன்னார்.
நல்ல பொருள்தான்.
கிளினிக்கில் கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்க எனக்கு மூன்று வினாடி ஆகும்.
அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.
காலைப் பெரட்டில் அவர் நூற்றுப் பதினேழு.

மிஷினில் பச்சை விளக்கு வந்துவிட்டது.
ஆ சியோங் தாளின் ஓரத்தில் நகத்தால் கீறினார்,
கறுப்பாய் ஒரு கோடு விழுந்தது.
"சூடு பட்டா கறுக்கிற காகிதம் அக்கா.
உள்ள விட்டா முழுசும் போயிடும்."
கையெடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
முழுசும் கறுத்தால் என் பென்சில் என்ன ஆகும் என்று
ஒரு ஆசை கூட வந்தது, பொய் சொல்வானேன்.

பிளாஸ்டிக் உறை போதும் என்றேன். அறுபது காசு.
ரசீதுக்குப் பெயர் கேட்டார்.
மெல்லச் சொன்னேன்.
சீன எழுத்தில் மூன்று எழுதி
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் படித்துக் காட்டினார்:
நா. சி. யா.
"ர் எங்கே?"
"எங்க எழுத்துல அது வராது."

பென்சில் வாங்கி
மூன்றாம் எழுத்துக்குப் பக்கத்தில்
ஒரு புள்ளி வைத்தேன்.
அவர் சிரித்தார்.
கார்பன் காப்பியில் அது விழுந்ததா என்று
பார்க்கவில்லை.