காம்பியோ

சிலி நாட்டு வரைபடம் கிழிந்து
தீவுகளாகச் சிதறும் இடத்தில் இருக்கிறோம்.
இங்கே செல்போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைப்பது
தேவாலயத்தின் பின்வேலியில்,
வடக்கிலிருந்து மூன்றாவது கம்பத்தடியில்.
மழையிலும் வரிசையில் நிற்போம்.
முன்னால் நிற்பவரின் கடன், காதல், மூலநோய்
எல்லாம் காதில் விழும்.
விழாதது போலக் கடலைப் பார்ப்போம்.

என் போன் ஒருமுறை
மட்டி கழுவும் தொட்டியில் விழுந்து செத்தது.
மாவு டப்பாவில் மூன்று நாள் புதைத்துப் பிழைக்க வைத்தேன்.
இன்றும் சார்ஜ் போடும் துளையை ஊதினால்
கொஞ்சம் மாவு பறக்கும்.
புவெர்ட்டோ மான்ட்டிலிருந்து தங்கை அனுப்பும்
ஏழு நிமிடக் குரல்செய்திகள்
ஞாயிறன்று கம்பத்தடியில் மொத்தமாக வந்து கொட்டும்.
செவ்வாய்க்கிழமை அழுதிருப்பாள்,
சனிக்கிழமைக்குள் சரியாகியிருப்பாள்.
நான் செவ்வாயிலிருந்துதான் கேட்கத் தொடங்குவேன்.

ரேடியோ அப்படியல்ல.
விறகடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டு
நாள் முழுக்க யாருடைய தொண்டையையோ செருமும்.
தெற்கே காற்று எழும்புகிறது.
கருப்புக் காது பன்றி எங்கள் தோட்டத்தில், யாருடையது?
படகில் வருகிறவர்கள் ஒரு கேஸ் சிலிண்டர் ஏற்றி வாருங்கள்.
பொத்தானை அழுத்தினால் பேசலாம், கேட்காது.
விட்டால் கேட்கும், பேச முடியாது.
முடித்ததும் காம்பியோ என்று சொல்ல வேண்டும்:
என் முறை தீர்ந்தது, இனி உன் பாடு.
பணம் மாற்றும் கடைப் பலகையிலும்
இதே சொல்தான் எழுதியிருக்கும்.

அபெலினோ என்னைக் கேட்காமல்
எங்கள் சின்னப் படகின் எஞ்சினை விற்றுவிட்டான்.
வாங்கியவனின் மனைவி சொல்லித்தான் தெரியும்.
கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழைத்தேன்.
அவன் பக்கத்துத் தீவின் துறையில்,
முக்குளிப்போர் படகில்.
இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.
என் வார்த்தை அவன் வார்த்தையின் காலை மிதித்தது.
இருந்த ஒற்றைக் கோடும் போனது.

அன்று மாலை மைக்கை ஆணியிலிருந்து எடுத்தேன்.
ஒன்பதாம் சேனல். முப்பது அடுக்களைகள்.
தெரிந்துதான் அழுத்தினேன்.
எஞ்சினில் ஆரம்பித்து
எங்கள் கல்யாணத்தன்று அவன் அண்ணன்
குடித்துத் தீர்த்த கணக்கு வரை,
கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை விடவில்லை.
குறுக்கே பேச ஒருவராலும் முடியாது.
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
என் வாக்கியம் முற்றுப்புள்ளி வரை போய்ச் சேர்ந்தது.
அப்புறம்தான் நினைவு வந்தது:
காம்பியோ.

இரைச்சல்.
இரைச்சல்.
பிறகு எர்மெலிண்டாவின் கரகரத்த குரல்:
'அபெலினோ, பதில் சொல்லித் தொலை.
என் உருளைக்கிழங்கு தீய்கிறது. காம்பியோ.'

'ரெமிஹியா, கேட்டேன்' என்றான்.
பொத்தானை விட மறந்துவிட்டான்.
படகின் விலாவில் தண்ணீர் அடிப்பது கேட்டது.
தீக்குச்சி உரசும் ஓசை; நனைந்த குச்சி; இன்னொன்று.
நேரில் இருந்தால் இவ்வளவு நேரம்
அவனைச் சும்மா இருக்க விட்டிருப்பேனா?
'ஏர் கம்ப்ரஸர் போய்விட்டது.
கீழே இருப்பவன் உன் தம்பி.
குழாயில் காற்று வர வேண்டாமா? காம்பியோ.'

மைக் கையில் கனத்தது.
என் முறை என்று முப்பது வீட்டுக்கும் தெரியும்.
சொல்லியிருக்கலாம் என்றேன். அவ்வளவுதான்.
எஞ்சின் போனது போனதுதான்,
துடுப்புப் போட்டுத்தான் இனி மட்டிக்குப் போக வேண்டும்.
காம்பியோ சொல்லாமலே மாட்டிவிட்டேன்.

நள்ளிரவில் விறகு தள்ள எழுந்தபோது
பேசாமல் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினேன்.
டிக், டிக்.
கொஞ்சம் கழித்து அங்கிருந்தும் இரண்டு.
பிறகு மூன்றாவதாக ஒன்று,
எங்கள் இருவருடையதும் அல்ல.
உருளைக்கிழங்கு தீய்ந்த வீட்டில்
தூக்கம் வராது போலும்.