கொக்கி எந்தப் பக்கம்

நாலு ரோட்டில், மாடியில், எங்கள் ஃப்ளெக்ஸ் கடை.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
பிழை திருத்தம் இலவசம்,
இதுவரை யாரும் கேட்டதில்லை.
நான் பி.ஏ. ஆங்கிலம். அரியர் இரண்டு.

ஏற்காட்டிலிருந்து
இருபது கொண்டை ஊசி இறங்கி வந்த களைப்பில்
ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு
நாலாய் மடித்த தாளை நீட்டினாள் ஜெசிந்தா.
ஆறுக்கு மூணு. பச்சை எழுத்து.
ஓரத்தில் மிளகுக் கொடி.
சிஸ்டர்ஸ் காட்டேஜ்.

ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவே
பால்பாயிண்ட் அழுத்திப் போட்ட ஒரு கொக்கி.

கொக்கிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.
நாலு புடவை தொங்கினால்
சாரிக்கும் எஸ்ஸுக்கும் நடுவே ஒன்று தொங்கும்.
லாரி இரண்டானால் அதற்கும் உண்டு.
கேட்டில் மட்டும்
‘டோன்ட் பார்க்’ மொட்டையாய் நிற்கும்,
செத்துப்போன ஓவுக்கு
ஒரு நடுகல்கூட இல்லாமல்.

நாமும் விழுங்குகிறவர்கள்தான்.
போக வேண்டும், போகணும் ஆனதில்
எத்தனை எழுத்து உள்ளே போனதென்று
யார் கணக்கு வைத்தோம்?
அக்கா வீடு என்கிறோம்.
உடைய என்பது எங்கோ ஒளிந்துகொள்கிறது.
தொகை என்று பெயர் வைத்தார்கள்.
தழும்பு கிடையாது.
ஆங்கிலம் எடுத்த இடத்தில்
நகத்தால் கீறி வைத்துவிட்டுத்தான் போகும்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘இட்ஸ் ஹோம்’.
அங்கே கொக்கி இல்லை.
இது வீடு என்று சொல்ல வந்தது
அதனுடைய வீடு என்று நிற்கிறது.
எதனுடைய?
அதைக் கேட்காமலே வைத்துவிட்டேன்.

மேலே உள்ளதைக் கேட்காமல் முடியாது.
“ஏங்க்கா, வீடு ஒரு சிஸ்டருக்கா, ரெண்டு பேருக்குமா?
எஸ்ஸுக்கு முன்னாடி வந்தா ஒருத்தி.
பின்னாடி போனா எல்லாரும்.”

மவுஸில் பிடித்துக் காட்டினேன்.
இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.
திரையில் அரை அங்குலம்.

ஜெசிந்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.
“எழுதிக் கொடுத்தது தங்கச்சி”
என்றவள், கொஞ்சம் விட்டு,
“ஒருத்தின்னா எவ?” என்றாள்.

அதைக் கொக்கி சொல்லாது.

மலையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது போல.
எனக்குக் கேட்டது பாதிதான்:
பத்திரத்துல ரெண்டு பேரும்தானே...
இல்ல, போர்டுல...
அப்பா செலவெல்லாம் நான்...
நீ போட்டது அப்படித்தான் சொல்லுதாம்டி...
கொக்கி. கொக்கி. மேல இருக்குமே...

பிளாட்டரில் யாருக்கோ காதணி விழா
நீளமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு
“எடுத்துடும்மா அதை” என்றாள்.
எடுத்தேன்.
எவளுக்கும் சொந்தமில்லாமல்
சிஸ்டர்ஸ், பக்கத்தில் காட்டேஜ்,
பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து
பேசாமல் வரும் இருவர் மாதிரி.
தப்பு என்று சொல்ல முடியாது.
அட்வான்ஸ் நூறு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி இரவு பதினொன்று பத்துக்கு
தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்.
பெயர் இல்லை, வணக்கம் இல்லை.
ஒரு எஸ்.
அதற்குப் பின்னால் கொக்கி.

அரைத் தூக்கத்தில்
‘ஓகே’ என்று அனுப்பிவிட்டு,
காலையில் முதல் வேலையாக
ஃபைலைத் திறந்தேன்.